தாடியஸ் ஸ்டீவன்ஸ்: சட்டத்தின் முன் சமத்துவம் கேட்ட சட்டத்தரணி

மாணவர்களே, ஐக்கிய அமெரிக்காவில் அடிமைமுறை ஒழிந்த வரலாற்றைப் படிக்கும்போது உங்கள் குறிப்புப் புத்தகத்தில் முதலில் இடம்பெறும் பெயர் ஆபிரகாம் லிங்கன். அது சரியே. ஆனால் லிங்கன் 1865 ஏப்ரலில் சுட்டுக் கொல்லப்பட்டார். அடிமைகளாயிருந்த சுமார் நாற்பது இலட்சம் மக்கள் இனிப் பிரசைகளாக வாழ்வதா, பெயருக்கு மட்டும் விடுதலை பெற்றவர்களாக வாழ்வதா என்ற வினா அப்போது தீர்ந்திருக்கவில்லை. அந்த வினாவுக்கு அரசியலமைப்பிலேயே விடை எழுதவேண்டும் என்று விடாப்பிடியாக நின்றவர்களுள் முதன்மையானவர் தாடியஸ் ஸ்டீவன்ஸ். இவர் ஜனாதிபதியாக இருந்தவரல்லர், படைத்தளபதியும் அல்லர். ஒரு சட்டத்தரணி, சட்டசபை உறுப்பினர். அவ்வளவுதான்.

இளமையும் கல்வியும்

ஸ்டீவன்ஸ் 1792 ஏப்ரல் 4ஆம் திகதி வெர்மொன்ட் மாநிலத்தின் டான்வில் என்னும் கிராமத்தில் பிறந்தார். பிறவியிலேயே அவருடைய ஒரு பாதம் வளைந்திருந்தது. வாழ்நாள் முழுவதும் நொண்டியே நடந்தார். தந்தை சப்பாத்துத் தைக்கும் தொழிலும் விவசாயமும் செய்தவர். குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். நான்கு ஆண்பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்புத் தாயார் சாராவின் தலையில் விழுந்தது. ஊனமுற்ற இந்த மகன் வயலில் வேலை செய்து பிழைக்க முடியாது, படித்தால்தான் வாழலாம் என்பதை அந்தத் தாய் உணர்ந்திருந்தார். நல்ல பாடசாலை ஒன்று இருக்கிறது என்பதற்காகவே பீச்சம் என்னும் ஊருக்குக் குடும்பத்தோடு இடம்பெயர்ந்தார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் ஒரு முக்கிய சம்பவத்தை விளங்கிக்கொள்ள இது உதவும்.

1814இல் டார்ட்மத் கல்லூரியில் பட்டம் பெற்ற ஸ்டீவன்ஸ், அடுத்த ஆண்டு பென்சில்வேனியாவின் யோர்க் நகருக்கு ஆசிரியராகச் சென்றார். பகலில் படிப்பிப்பதும் மீதி நேரத்தில் சட்டம் படிப்பதுமாகக் காலம் கழிந்தது. ஆனால் சட்டம் பயிலும் காலத்தில் வேறு தொழில் செய்தவரைச் சேர்த்துக்கொள்வதில்லை என்று அவ்வூர்ச் சட்டத்தரணிகள் ஒரு விதியை நிறைவேற்றினர். சம்பளத்துக்கு வேலை செய்துகொண்டு படிக்கும் ஏழைக்கு அது வாசலை அடைத்த விதி. ஸ்டீவன்ஸ் வாதாடிக்கொண்டு நிற்கவில்லை. எல்லையைத் தாண்டி மேரிலாந்து மாநிலத்தின் பெல் எயர் என்னும் ஊருக்குப் போய் 1816இல் அங்கே பரீட்சையில் தேறினார். பின்னர் பென்சில்வேனியாவுக்குத் திரும்பி கெற்றிஸ்பேர்க் என்ற சிற்றூரில் அலுவலகம் திறந்தார். பிற்காலத்தில் உள்நாட்டுப் போரின் பெரும் சமர் நடந்த அதே கெற்றிஸ்பேர்க்தான் இது.

வென்ற வழக்கு ஒன்று

பெரிய மனிதர்களின் வாழ்க்கை வரலாறுகளில் அவர்களுடைய தவறுகளை மறைத்துவிடுவது பலருக்குப் பழக்கம். ஸ்டீவன்ஸ் விடயத்தில் அப்படிச் செய்தால் அவரை விளங்கிக்கொள்ளவே முடியாது.

மேரிலாந்தில் அடிமைமுறை இருந்தது. அதன் வடக்கே அடுத்திருந்த பென்சில்வேனியாவில் 1780ஆம் ஆண்டுச் சட்டம் அதைப் படிப்படியாக ஒழித்துக்கொண்டிருந்தது. வெளி மாநிலத்தார் தமது அடிமையை ஆறு மாதத்துக்கு மேல் பென்சில்வேனியாவில் வைத்திருந்தால் அந்த அடிமை விடுதலை பெறுவார் என்பது அச்சட்டத்தின் ஏற்பாடு. சாரிட்டி பட்லர் என்ற அடிமைப் பெண் மேரிலாந்திலிருந்து பல தடவைகள் பென்சில்வேனியாவுக்குக் கூட்டிவரப்பட்டார். அந்த நாட்களையெல்லாம் கூட்டினால் ஆறு மாதத்துக்கு மேல் வருகிறது, ஆகவே தானும் தன் பிள்ளைகளும் சுதந்திரமானவர்கள் என்பது அவருடைய வழக்கு. எதிர்த்தரப்பில், அதாவது எசமானின் தரப்பில், தோன்றியவர் நம் ஸ்டீவன்ஸ்.

அவருடைய வாதம் எளியது. சட்டம் சொல்வது தொடர்ச்சியான ஆறு மாதம். துண்டு துண்டாக வந்த நாட்களைக் கூட்டுவது செல்லாது. 1821இல் பென்சில்வேனியா உயர் நீதிமன்றம் இதை ஏற்றுக்கொண்டது. ஸ்டீவன்ஸ் வென்றார். சாரிட்டியும் அவருடைய இரு பிள்ளைகளும் மீண்டும் அடிமைகளாயினர்.

நாட்களை எண்ணும் முறை ஒன்றினால் ஒரு தாயின் வாழ்க்கை தீர்மானிக்கப்பட்டது. அந்த எண்ணும் முறையை நீதிபதிகளுக்கு எடுத்துக் கொடுத்தவர் ஸ்டீவன்ஸ். இதைப் பற்றி அவர் மனம் வருந்தி எழுதியதாக எதுவும் நம் கையில் இல்லை. ஆனால் அவருடைய செயல்கள் இருக்கின்றன. இரண்டே ஆண்டுகளில், 1823இல், சுதந்திர தின விருந்து ஒன்றில் அடிமை வைத்திராத ஒருவரே அடுத்த ஜனாதிபதியாக வரவேண்டும் என்று வெளிப்படையாக வாழ்த்துக் கூறினார். அதன்பின் தப்பியோடி வந்தவர்களின் வழக்குகளில் அவர்களுக்காகவே வாதாடினார். எசமானுக்காகத் தேடிய அதே சட்ட நுணுக்கங்களை இப்போது அடிமைகளுக்காகத் தேடினார்.

பொதுப் பாடசாலைகளைக் காப்பாற்றியமை

1833இல் ஸ்டீவன்ஸ் பென்சில்வேனியா மாநிலப் பிரதிநிதிகள் சபைக்குத் தெரிவானார். அந்நாளில் அம்மாநிலத்தில் ஏழைப் பிள்ளைகள் அரச செலவில் படிக்க வழி இருந்தது. ஆனால் தாம் வறியவர் என்று பெற்றோர் பதிவு செய்யவேண்டும். அந்தப் பதிவேட்டில் பெயர் இருப்பது அவமானம். ஊருக்கே தெரிந்துவிடும் என்று அஞ்சிப் பலர் பிள்ளைகளை வீட்டிலேயே வைத்திருந்தனர். கட்டணமின்றிப் பாடசாலை செல்லும் உங்களுக்கு இந்த அவமானத்தை நினைத்துப் பார்ப்பது சற்றுக் கடினமாயிருக்கலாம்.

1834இல் இந்நிலையை மாற்றி, வரிப்பணத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுப் பாடசாலைகள் அமைக்கும் சட்டம் நிறைவேறியது. உடனே எதிர்ப்புக் கிளம்பியது. பிள்ளைகள் இல்லாத நாங்கள் ஏன் வரி கட்டவேண்டும் என்று சிலர் கேட்டனர். சொந்தத் திருச்சபைப் பாடசாலைகளை வைத்திருந்த ஜேர்மன் மொழி பேசும் சமூகத்தினரும் விரும்பவில்லை. அடுத்த ஆண்டு மாநில செனற் சபை அச்சட்டத்தை நீக்க வாக்களித்தது. பிரதிநிதிகள் சபையும் அப்படியே செய்யும் என்று எல்லோரும் எதிர்பார்த்தனர். ஸ்டீவன்சின் சொந்த வாக்காளர்களிலும் பலர் சட்டத்தை நீக்குவதையே விரும்பினர்.

1835 ஏப்ரல் 11ஆம் திகதி ஸ்டீவன்ஸ் சபையில் எழுந்து பேசினார். பணக்காரரையும் ஏழையையும் ஒரே வாங்கில் இருத்தாத கல்வி, கல்வியே அல்ல என்பது அவருடைய வாதத்தின் சாரம். வறியோர் பதிவேடு பிள்ளைகளின் நெற்றியில் குறி சுடுவதற்கு ஒப்பானது என்று காட்டினார். மக்களே ஆளும் நாட்டில் மக்கள் படித்திருக்கவேண்டாமா, குற்றவாளிகளைத் தண்டிக்கச் செலவிடும் பணத்தை அறியாமையை நீக்கச் செலவிட்டால் என்ன என்று கேட்டார். அச்சட்டத்தை ஆதரித்த ஆளுநர் ஜோர்ஜ் வூல்ப் அரசியலில் ஸ்டீவன்சின் எதிரி. இந்த விடயத்தில் அந்த எதிரியோடும் கைகோத்தார். பேச்சின் பின் வாக்கெடுப்பு நடந்தது. நீக்கவேண்டும் என்று எண்ணியிருந்த சபை நிலைமாறி, சட்டத்தைக் காப்பாற்றியது. பீச்சம் ஊருக்கு இடம்பெயர்ந்த அந்தத் தாயை இப்போது நினைத்துப் பாருங்கள்.

ஸ்டீவன்சின் மாநில அரசியல் முழுவதும் இவ்வளவு தூய்மையானது என்று எண்ணிவிடவேண்டாம். கட்சிச் சூழ்ச்சிகளில் அவர் வல்லவர். 1838இல் தேர்தல் முடிவு பற்றிய தகராறில் சபைக்குள் கூட்டம் புகுந்தபோது யன்னல் வழியே குதித்துத் தப்பினார் என்பதும் வரலாறே. அதே ஆண்டு மாநிலத்துக்குப் புதிய அரசியலமைப்பு வரையப்பட்டபோது வாக்குரிமை வெள்ளையருக்கு மட்டுமே என்று எழுதப்பட்டது. மாநாட்டு உறுப்பினராயிருந்த அவர் அதில் கையொப்பமிட மறுத்தார்.

தப்பியோடிய அடிமைகள் சட்டம்

தாம் பிறந்த மாவட்டத்தின் பெயரால் கலிடோனியா என்று ஓர் இரும்பு உருக்காலையை ஸ்டீவன்ஸ் நடத்திவந்தார். அது அவரைப் பெருங்கடனில் ஆழ்த்தியது. கடனை அடைப்பதற்காக 1842இல் லங்காஸ்டர் என்ற பெரிய நகருக்குப் போய் அங்கே சட்டத்தொழிலைத் தொடர்ந்தார். லங்காஸ்டர் மேரிலாந்து எல்லைக்குக் கிட்ட உள்ளது. தெற்கிலிருந்து தப்பி வருவோர் கடந்து செல்லும் வழி. அவருடைய வளவிலிருந்த நிலத்தடி நீர்த்தொட்டி ஒன்று தப்பிவந்தோரை ஒளித்துவைக்கப் பயன்பட்டிருக்கலாம் என்று அவ்விடத்தை ஆராய்ந்த தொல்லியலாளர் கருதுகின்றனர்.

திருமணம் செய்யாத ஸ்டீவன்சின் வீட்டை 1840களின் பிற்பகுதியிலிருந்து நிர்வகித்தவர் லிடியா ஹமில்டன் சிமித் என்ற கலப்பின விதவை. கறுப்பினப் பணியாளர்களைப் பெயர் சொல்லி அதட்டி அழைப்பதே வழக்கமாயிருந்த அக்காலத்தில், ஸ்டீவன்ஸ் அவரைத் திருமதி சிமித் என்றே அழைத்தார். வீட்டுக்கு வருவோரும் அப்படியே அழைக்கவேண்டியிருந்தது. இதை வைத்து எதிரிகள் ஏளனமாக எழுதினர். அவர் பொருட்படுத்தவில்லை.

1849இல் ஸ்டீவன்ஸ் ஐக்கிய அமெரிக்கக் காங்கிரசின் பிரதிநிதிகள் சபையில் அமர்ந்தார். 1850இல் தப்பியோடிய அடிமைகள் சட்டம் வந்தது. இச்சட்டத்தின்படி பிடிபட்டவருக்கு ஜூரி விசாரணை கிடையாது. தம் பக்கத்தைச் சாட்சியமாகச் சொல்லவும் முடியாது. விசாரிக்கும் ஆணையாளர் அவரை எசமானிடம் ஒப்படைத்தால் 10 டொலர், விடுவித்தால் 5 டொலர் கட்டணம் பெறுவார். எந்தப் பக்கம் தராசு சரியும் என்று நீங்களே சொல்லலாம். ஸ்டீவன்ஸ் இச்சட்டத்தைக் கடுமையாக எதிர்த்தார்.

அடுத்த ஆண்டே சோதனை வந்தது. 1851 செப்டெம்பர் 11ஆம் திகதி லங்காஸ்டர் மாவட்டத்தின் கிறிஸ்தியானா என்ற ஊரில், தப்பிவந்த தம் அடிமைகளைப் பிடிக்க வந்த மேரிலாந்து எசமான் ஒருவர் அங்கு திரண்ட கறுப்பின மக்களுடன் நடந்த மோதலில் கொல்லப்பட்டார். அரசாங்கம் 38 பேர்மீது தேசத்துரோகக் குற்றம் சாட்டியது. முதலில் விசாரிக்கப்பட்டவர் காஸ்ட்னர் ஹான்வே என்ற வெள்ளையர், மாவாலைக்காரர். அடிமை பிடிப்போருக்கு உதவ மறுத்ததே அவர் செய்தது. எதிரித்தரப்புச் சட்டத்தரணிகள் குழுவில் ஸ்டீவன்ஸ் முக்கிய இடம் வகித்தார். ஜூரிமார் சுமார் 15 நிமிடங்களில் அவரைக் குற்றமற்றவர் என்றனர். மற்றையோர் மீதான தேசத்துரோக வழக்கும் கைவிடப்பட்டது. ஆனால் இந்த வெற்றி ஸ்டீவன்சுக்கு அரசியலில் நட்டமாயிற்று. அவருடைய கட்சியினர் பயந்து ஒதுங்கினர். 1853இல் காங்கிரசை விட்டு வெளியேறினார்.

உள்நாட்டுப் போரும் பதின்மூன்றாம் திருத்தமும்

1859இல் குடியரசுக் கட்சி உறுப்பினராக அவர் காங்கிரசுக்குத் திரும்பியபோது வயது 67. பலர் ஓய்வெடுக்கும் வயது. அவருடைய பெரிய வேலைகள் அதன்பின்பே தொடங்கின. 1861இல் போர் மூண்டபோது வரவு செலவுகளைக் கவனிக்கும் குழுவின் தலைவராக இருந்து, போருக்கு வேண்டிய பணத்தைத் திரட்டும் சட்டங்களைச் சபையில் நிறைவேற்றினார். தென்மாநிலப் படையினர் அவரை மறக்கவில்லை. 1863 யூன் மாதம் பென்சில்வேனியாவுக்குள் புகுந்தபோது கலிடோனியா உருக்காலையைத் தேடிச்சென்று எரித்தனர்.

லிங்கன் 1863 சனவரியில் வெளியிட்ட விடுதலைப் பிரகடனம் கிளர்ச்சி செய்த மாநிலப் பகுதிகளுக்கே பொருந்தும் போர்க்கால ஆணை. நாடு முழுவதும் அடிமைமுறையை என்றென்றைக்கும் ஒழிக்க அரசியலமைப்புத் திருத்தம் தேவைப்பட்டது. 1864இல் செனற் சபை அதை ஏற்றது. பிரதிநிதிகள் சபையில் மூன்றில் இரண்டு பெரும்பான்மை கிடைக்கவில்லை. 1865 சனவரியில் மீண்டும் விவாதம். எதிரணியினர் ஸ்டீவன்சுக்கு ஒரு பொறி வைத்தனர். எல்லா இனத்தவரும் எல்லாவற்றிலும் சமம் என்று அவர் வாயால் சொல்ல வைத்துவிட்டால், தயங்கி நிற்கும் உறுப்பினர்கள் பயந்து மறுபக்கம் போய்விடுவர். ஸ்டீவன்ஸ் அதற்குள் விழவில்லை. தாம் கேட்பது சட்டத்தின் முன் சமத்துவம் மட்டுமே என்று பதிலளித்தார். மனத்திலிருந்ததைவிடக் குறைவாகவே அன்று சொன்னார். சனவரி 31ஆம் திகதி 119 வாக்குகளுக்கு 56 என்ற கணக்கில் பதின்மூன்றாம் திருத்தம் சபையில் நிறைவேறியது. அதே ஆண்டு டிசெம்பரில் நடைமுறைக்கு வந்தது.

பதினான்காம் திருத்தம்

இங்கே மாணவர் பலர் குழப்பமடைவதுண்டு. பதின்மூன்றாம் திருத்தம் அடிமைமுறையை ஒழித்தது. பிரசாவுரிமை பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. இந்த இடைவெளியைத் தென்மாநிலங்கள் உடனே பயன்படுத்தின. கறுப்பர் சட்டங்கள் எனப்படும் சட்டங்களை இயற்றி, வேலை ஒப்பந்தம் இல்லாத கறுப்பினத்தவரைக் கைதுசெய்து தண்டம் விதித்து, அதைக் கட்ட முடியாதவரைத் தோட்ட முதலாளிகளிடம் வேலைக்கு விட்டன. பெயர்தான் மாறியது. லிங்கனுக்குப் பின் ஜனாதிபதியான அன்ட்ரூ ஜோன்சன் இதைத் தடுக்கவில்லை.

1865 டிசெம்பரில் காங்கிரஸ் கூடியதும், பழைய கிளர்ச்சி மாநிலங்களின் பிரதிநிதிகளைச் சபையில் சேர்க்காமல் நிறுத்திவைக்க ஸ்டீவன்ஸ் ஏற்பாடு செய்தார். அவர் முன்மொழிந்த பதினைந்து பேர் கொண்ட கூட்டுக்குழு புதிய திருத்தம் ஒன்றை வரைந்தது. அமெரிக்காவில் பிறந்த எவரும் அந்நாட்டுப் பிரசை, எந்த மாநிலமும் எவருக்கும் சட்டத்தின் சமமான பாதுகாப்பை மறுக்கக்கூடாது என்பவை அதன் இதயம். கறுப்பின ஆண்களுக்கு வாக்குரிமையை அது நேரடியாக வழங்கவில்லை. ஸ்டீவன்சுக்கு அது பெரிய ஏமாற்றம். 1866 யூன் 13ஆம் திகதி சபையில் தம் ஏமாற்றத்தை மறைக்காமல் சொன்னார். தாம் வாழ்வது தேவதூதர்கள் மத்தியில் அல்ல, மனிதர்கள் மத்தியில் என்பதால் குறையுள்ள இதையும் ஏற்பதாகக் கூறி வாக்களித்தார்.

எல்லாவற்றிலும் அவர் வெற்றி பெறவில்லை. கிளர்ச்சி செய்த பெருநிலக்காரரின் காணிகளைப் பறிமுதல் செய்து, விடுதலை பெற்ற குடும்பத் தலைவர்களுக்கு 40 ஏக்கர் வீதம் கொடுக்கவேண்டும் என்று 1867இல் சட்டமூலம் கொண்டுவந்தார். சொந்த நிலம் இல்லாதவன் பழைய எசமானிடமே கூலிக்குப் போகவேண்டிவரும் என்பது அவருடைய கணிப்பு. சொந்தக் கட்சியினரே ஆதரிக்கவில்லை. தனிச்சொத்தில் கைவைக்க அவர்கள் அஞ்சினர். பின்னர் தென்மாநிலங்களில் நடந்தவற்றைப் பார்க்கும்போது, அவருடைய தோல்விகளில் இதுவே மிகப்பெரியது என்று நாம் கருதுகிறோம்.

1868 பெப்ரவரியில் ஜனாதிபதி ஜோன்சன்மீது பிரதிநிதிகள் சபை குற்றப்பிரேரணை நிறைவேற்றியது. அமெரிக்க ஜனாதிபதி ஒருவர்மீது அவ்வாறு செய்யப்பட்டது அதுவே முதற்தடவை. அதை முன்னின்று நடத்திய ஸ்டீவன்ஸ் அப்போது நடக்கவும் முடியாத நோயாளி. கதிரையில் வைத்துத் தூக்கி வந்தனர். செனற் சபையில் 35 பேர் குற்றவாளி என்றும் 19 பேர் அல்ல என்றும் வாக்களித்தனர். மூன்றில் இரண்டுக்கு ஒரு வாக்குக் குறைவு. ஜோன்சன் பதவியில் நீடித்தார்.

இறுதி நாட்கள்

பதினான்காம் திருத்தம் அரசியலமைப்பின் பகுதியாகிவிட்டது என 1868 யூலை 28ஆம் திகதி அறிவிக்கப்பட்டது. சரியாக இரண்டு வாரங்களில், ஓகஸ்ட் 11ஆம் திகதி இரவு, ஸ்டீவன்ஸ் வோஷிங்டனில் காலமானார். திருமதி சிமித் கட்டிலருகே இருந்தார். பூதவுடல் தலைநகரின் காங்கிரஸ் மாளிகையில் அஞ்சலிக்கு வைக்கப்பட்டபோது கறுப்பினப் படையினர் காவல் நின்றனர். அவ்வாண்டுத் தேர்தலுக்கு லங்காஸ்டரின் குடியரசுக் கட்சியினர் இறந்துபோன அவரையே மரியாதையின் பொருட்டு மீண்டும் வேட்பாளராக நியமித்தனர்.

பின்வந்த காலம் அவருக்குச் சாதகமாயிருக்கவில்லை. 1877இல் கூட்டாட்சிப் படைகள் தெற்கிலிருந்து பின்வாங்கியபின் கறுப்பின மக்களின் உரிமைகள் ஒவ்வொன்றாகப் பறிக்கப்பட்டன. நீண்ட காலம் வரலாற்று நூல்கள் ஸ்டீவன்சைப் பழிவாங்கும் குணமுள்ள கொடியவராகவே சித்திரித்தன. 1915இல் வெளிவந்த புகழ்பெற்ற திரைப்படம் ஒன்றின் தீய பாத்திரமும் அவரை வைத்தே படைக்கப்பட்டது. 1954இல்தான் பாடசாலைகளில் நிறப்பிரிவினை செல்லாது என்று அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிபதிகள் ஆதாரமாகக் கொண்டது, ஸ்டீவன்ஸ் அரைமனத்தோடு வாக்களித்த அந்தப் பதினான்காம் திருத்தத்தையே.

மரணசாதனத்தில் அநாதைச் சிறுவர்களுக்கு ஓர் இல்லம் அமைக்கப் பணம் ஒதுக்கியிருந்தார். இனம், நிறம் பார்த்து எவரையும் விலக்கக்கூடாது, எல்லோரும் ஒரே மேசையில் உண்ணவேண்டும் என்பது நிபந்தனை. அதன் வழியாக 1905இல் லங்காஸ்டரில் உருவான தொழிற்பாடசாலை பின்னர் அவர் பெயரால் தொழில்நுட்பக் கல்லூரியாக வளர்ந்தது. அவர் வாழ்ந்த வீட்டைத் திருமதி சிமித் விலைக்கு வாங்கிக்கொண்டார்.

கல்லறை பற்றியும் சொல்லவேண்டும். லங்காஸ்டரில் தமக்கென்று ஒரு சேமக்காலையில் நிலம் வாங்கியிருந்தார் ஸ்டீவன்ஸ். உறுதியை வாசித்துப் பார்த்தபோது, அங்கே கறுப்பினத்தவரை அடக்கம் செய்ய முடியாது என்று எழுதியிருந்தது. சட்டத்தரணி அல்லவா, சிறிய எழுத்தையும் வாசிப்பார். உறுதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். எல்லா நிறத்தவரையும் ஏற்கும் சிறிய சேமக்காலை ஒன்றைத் தேடி அங்கே இடம் வாங்கினார். ஏன் இந்த இடத்தைத் தெரிந்தெடுத்தார் என்ற காரணத்தையும், கல்லில் பொறிக்கும்படி தாமே எழுதிவைத்தார். அந்தக் கல் இன்றும் அங்கே நிற்கிறது.